எரிமலை ஏரியும் நம்ம ஏரிகளும்



ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்கிற பொறியாளன் நான். அண்மையில் சுமத்ராவிலுள்ள டோபா ஏரிக்குப் போயிருந்தேன். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் பள்ளத்தில், கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் நிற்கிற தண்ணீர். நீளம் மட்டும் 100 கிலோமீட்டர்! அன்று பறந்த சாம்பல் ஆந்திரா வரை படிந்திருக்கிறது.

ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறு அசஹான். அது மலையிறங்கும் இடத்தில் மின்சாரம் எடுத்து, 1982 முதல் அலுமினியம் உருக்குகிறார்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் வேணும். ஏரி மட்டம் இறங்கினால் உற்பத்தியும் இறங்கும். அந்த ஆலைக்கு ஏரியும் ஓர் இயந்திரம்தான்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நம்ம ஆலைகளைச் சுற்றியும் ஏரிகள்தான். வரத்துக்கால்வாயில் மண்ணைக் கொட்டினால், கோடையில் லாரித் தண்ணிக்கு அலையணும். மழையில் வெள்ளம் ஷெட்டுக்குள்ள வரும். 2015 டிசம்பர் மழையில் இந்தப் பகுதியின் கார் ஆலைகளே உற்பத்தியை நிறுத்தின.

நாளைக்கு நீங்க ஆலைக்கு வரைபடம் போடும்போது வரத்துக்கால்வாயை முதல்ல குறியுங்க. மெயின் கேட்டை அப்புறம் குறிக்கலாம்.