வண்டும் உருள்கல்லும்



மேனாட்டு றொக் இசையில் ஈடுபாடு உடையோரிடையே அறுபது ஆண்டுகளாக ஒரு வழக்கு நடைபெற்று வருகின்றது. பீற்றில்ஸ் குழு பெரிதா, றோலிங் ஸ்ரோன்ஸ் குழு பெரிதா என்பதே அவ்வழக்கு. கம்பனா இளங்கோவா என நம் பட்டிமண்டபங்களில் எழும் வாதத்தை ஒத்ததே இதுவும். ஆனால், அங்கே நடுவர் ஒருவர் இரவு பத்து மணிக்குள் தீர்ப்புக் கூறி அவையைக் கலைத்துவிடுவார். இங்கே நடுவரும் இல்லை. அவை கலைவதும் இல்லை. பதின்மூன்று வயது தொடக்கம் இவ்விரு குழுக்களின் பாடல்களையும் விடாது கேட்டுவருபவன் என்னும் ஒரே தகுதியைக் கொண்டு, என் சாட்சியத்தை இன்று பதிவுசெய்ய விரும்புகின்றேன்.

பெயர்களிலிருந்தே தொடங்கலாம். பீற்றில்ஸ் என்பது வண்டினத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தாளத்தைக் குறிக்கும் 'பீற்' என்னும் சொல்லோடு இயைத்துச் செய்த சிலேடை. உருளும் கற்கள் எனப் பொருள்படும் மற்றைய பெயரோ, மடி வோட்டர்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் பாடலொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. முதலாவது பெயர் சொல்விளையாட்டு. இரண்டாவது, பட்ட கடனை ஒப்புக்கொள்ளும் முறி. இரு குழுக்களின் போக்கும் பெரும்பாலும் இவ்வாறே அமைந்தது.

பீற்றில்ஸ் நல்ல பிள்ளைகள், ஸ்ரோன்ஸ் முரட்டுப் பிள்ளைகள் என்பது உலகம் அறிந்த பிரிவினை. அப்பிரிவினை பெரும்பாலும் வியாபாரத்திற்காகச் செய்யப்பட்டது. லிவர்பூல் ஒரு துறைமுக நகரம். பீற்றில்ஸ் குழுவினர் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், மதுச்சாலைகளிலே தோற்சட்டை அணிந்து, இரவிரவாகப் பாடித் தேறியவர்கள். றிங்கோ ஸ்ரார் சிறு வயதிலேயே கடும் நோய்வாய்ப்பட்டு, மருத்துவமனையில் நெடுங்காலம் கிடந்தவர். தாளக்கருவியின் மீது அவருக்குக் காதல் பிறந்ததும் நோயாளிச் சிறுவர்களுக்காக மருத்துவமனையில் நடத்தப்பட்ட வாத்தியக் குழுவிலேதான். ஆசிரியத் தொழிலிலே முடி நரைத்த எனக்கு, இவ்வரலாற்றில் இதனைவிட உவப்பான செய்தி வேறில்லை. மறுபுறத்தில், முரடர் எனப்பட்ட மிக் ஜாகர் இலண்டன் பொருளியற் கல்லூரியின் மாணவர். அவர் தந்தையார் உடற்பயிற்சி ஆசிரியர். தாளக்கருவி வாசித்த சார்லி வொற்ஸ் ஓவியம் கற்று விளம்பர நிறுவனத்திலே பணிபுரிந்த, மிகவும் அமைதியான மனிதர்.

பிறகு இந்த வேடங்கள் எங்ஙனம் வந்தன? பிரையன் எப்ஸ்ரீன் என்னும் இசைத்தட்டு வணிகர் பீற்றில்ஸ் குழுவின் முகாமையாளராகி, தோற்சட்டையைக் களைந்து கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்தார். அவரிடம் விளம்பரப் பணி செய்த இளைஞர் அன்ட்ரூ ஓல்டம் 1963இல் ஸ்ரோன்ஸ் குழுவைப் பொறுப்பேற்றார். முதலில் அவரும் ஒரே மாதிரியான மேற்சட்டைகளையே அணிவித்தார். பின்னர், நல்ல பிள்ளை வேடம் ஏற்கனவே விலைபோய்விட்டதென உணர்ந்து, அதற்கு நேர்மாறான வேடத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தார். குழுவைத் தொடக்கியவர்களுள் ஒருவரான பியானோக் கலைஞர் இயன் ஸ்ரூவாட் அவ்வேடத்திற்கு முகம் பொருந்தாதவர் எனக் கருதி விலக்கப்பட்டார். அவரோ, பதவி போனபின்னும் அக்குழுவின் பொருள்களைச் சுமந்தும், வேண்டும்போது பியானோ வாசித்தும் 1985இல் இறக்கும்வரை உடனிருந்தார். இரு குழுக்களின் வரலாற்றிலும் நான் பெரிதும் மதிக்கும் மனிதர் அவரே.

பகைமை எனப்பட்டது உண்மையிலே நட்பாகவே இருந்தது. 1962இன் தொடக்கத்தில் பீற்றில்ஸ் குழுவை ஏற்க மறுத்த டெக்கா இசைத்தட்டு நிறுவனத்திற்கு, 1963இல் ஸ்ரோன்ஸ் குழுவைச் சிபாரிசு செய்தவர் பீற்றில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன். அதே ஆண்டு செப்ரெம்பரில் ஜோன் லெனனும் போல் மக்காட்னியும் இலண்டன் தெருவில் ஓல்டத்தைத் தற்செயலாகக் கண்டு, ஸ்ரோன்ஸ் ஒத்திகை நடத்திய இடத்திற்குச் சென்றனர். அரைகுறையாக இருந்த 'ஐ வானா பி யுவர் மான்' என்னும் பாடலை அங்கேயே ஒரு மூலையில் இருந்து முடித்து அவர்களுக்கு வழங்கினர். தாமும் அதனை றிங்கோவின் குரலில் ஒலிப்பதிவு செய்தனர்.

ஆதலின், ஒரே பாடலை இரு குழுக்களும் பாடிய பதிவுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒப்பியல் ஆய்வு செய்வோர்க்கு இதனினும் சிறந்த வாய்ப்பு அமையாது. பீற்றில்ஸ் பதிவிலே பாட்டு முன்னே நிற்கின்றது; நால்வரும் அதனைச் சூழ்ந்து மகிழ்ந்து ஆடுகின்றனர். ஸ்ரோன்ஸ் பதிவிலே பிரையன் ஜோன்ஸின் கிற்றார், தந்திமேல் வழுக்கிச் செல்லும் கூரிய ஒலியுடன், பாட்டைக் கிழித்துக்கொண்டு புறப்படுகின்றது. பாட்டு எழுதியவரிலும் பார்க்க, எழுதாதவரே அதனை மிகுந்த வேகத்துடன் வாசித்துள்ளனர். பாடலாக்கம் வேறு, வாசிப்பு வேறு என்பதை நான் தெளிந்தது இவ்விரு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டபோதே. அன்று அவர்கள் எழுதிமுடித்த விரைவைக் கண்ட ஜாகரும் கீத் றிச்சேட்ஸும், தாமும் எழுதலாம் எனத் துணிந்தனர்.

1965ஆம் ஆண்டு இன்னும் வியப்பானது. 'யெஸ்ரடே' என்னும் பாடலின் இராகம் உறக்கத்திலிருந்து விழித்த மக்காட்னிக்கு முழுமையாகக் கிடைத்தது. இது வேறெவருடையதோ என ஐயுற்று, கண்டாரையெல்லாம் வினவி, முட்டைப் பொரியலைப் பற்றிய வேடிக்கைச் சொற்களை இட்டுப் பாடிவைத்து, நாட்சென்றபின்னரே உரிய சொற்களைப் பொருத்தினார். 'சற்றிஸ்பக்சன்' பாடலின் தொடக்கச் சுரக்கோவை, றிச்சேட்ஸுக்கு நித்திரைக்கும் விழிப்புக்கும் இடையில் கிடைத்தது. அவர் அதனைப் படுக்கையருகே இருந்த ஒலிப்பதிவுக் கருவியில் வாசித்துவிட்டு உறங்கிப்போனார். காலையில் கேட்டபோது சிறிது கிற்றாரும் மிகுதி குறட்டையுமாக இருந்தது. இருவருக்கும் கொடை ஒன்றே. ஆனால், ஒருவர் அதற்கு வயலின் முதலிய நான்கு நரம்புக் கருவிகளைத் துணைசேர்த்து மென்மையாக்கினார். மற்றவர் மின்கருவியால் ஒலியைக் கரகரப்பாக்கி, சில சுரங்களையே திரும்பத் திரும்ப மோதவிட்டார்.

இங்கே என் அநுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். 1990ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மின்கலமும் அரிது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து பெறும் மின்னோட்டத்தைக் கொண்டு வானொலியும் ஒலிநாடாவும் கேட்டோம். செய்தி கேட்கச் சுற்றியவர்கள் பலர். செய்தி முடிந்தபின் பாட்டுக்காகச் சுற்றியவர்களுள் நானும் என் நண்பரும் அடங்குவோம். அவர் ஸ்ரோன்ஸ் கட்சி. நான் மற்றக் கட்சி. கை ஓய்ந்தால் ஒலிநாடா தளரும், சுருதி இறங்கும். அப்போது பீற்றில்ஸ் குழுவின் மூவர் குரல்கள் இணைந்து செல்லும் அழகு குழைந்து, நோயாளியின் முனகலாகிவிடும். ஸ்ரோன்ஸ் குழுவின் தாளமோ, தளர்ந்தாலும் தாளமாகவே நிற்கும். முதியவர் ஒருவர் தடியூன்றி நடப்பதுபோல நடந்து வரும். நண்பர் இதனைத் தம் கட்சியின் வெற்றி என்றார். நேர்த்தியான பொருளே எளிதிற் பழுதுபடும் என நான் விடையிறுத்தேன். யார் சுற்றுவது என்பதிலும் எங்களுக்குள் வழக்கு உண்டு.

கடன்முறி என்றேனல்லவா? அதுபற்றியும் சொல்லவேண்டும். இரு குழுக்களும் கறுப்பின அமெரிக்கரின் இசையை உண்டு வளர்ந்தவையே. 1964 செப்ரெம்பரில் புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில், நிறத்தால் மக்களைப் பிரித்து இருத்தும் அவையிலே பாடமாட்டோம் எனப் பீற்றில்ஸ் குழுவினர் உறுதியாக நின்றனர். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிற்கு அழைக்கப்பட்ட ஸ்ரோன்ஸ் குழுவினர், தம் ஆசானாகக் கருதிய ஹௌலின் வூல்ப் என்னும் முதிய பாடகரையும் அங்கு பாடச் செய்து, அவர் காலடியில் அமர்ந்து கேட்டனர். அமெரிக்க வெள்ளையர் இல்லங்கள் பலவற்றில் அத்தகைய கலைஞர் தோன்றியது அரிதான அக்காலத்தில், குருவுக்குக் கொடுக்கப்பட்ட இந்த ஆசனம் சிறியதன்று. பீற்றில்ஸ் கட்சிக்காரனாகிய நான் இந்த இடத்தில் எழுந்து நின்று வணங்குகின்றேன்.

சித்தார் பற்றிய வழக்கில் மட்டும் நம்மவர் செவி சற்றுக் கூர்மையானது. 1965இல் வெளிவந்த 'நோர்வீஜியன் வூட்' பாடலில் ஹரிசன் சித்தாரை வாசித்தார். 1966இல் 'பெயின்ற் இற் பிளாக்' பாடலில் பிரையன் ஜோன்ஸ் வாசித்தார். வாசிப்பின் துணிவை நோக்கினால் பின்னவரதே மேம்பட்டது என்பேன். ஆனால், ஜோன்ஸ் எந்தக் கருவியையும் கண்டவுடன் கைவரப்பெற்று, அடுத்ததற்குத் தாவும் இயல்பினர். மரிம்பா, டல்சிமர், குழல் என அவர் தொட்டவை பல. ஹரிசனோ பண்டிற் இரவிசங்கரிடம் மாணாக்கராக அமர்ந்தார். தாம் பெரிய வித்துவான் ஆகப்போவதில்லை எனக் கண்டபின்னும் அவ்விசையின் மீது அவருக்கிருந்த பற்றுக் குறையவில்லை. பள்ளிக்கூடங்களில் இவ்விரு வகை மாணவரையும் கண்டிருக்கிறேன். ஜோன்ஸ் 1969இல் இருபத்தேழாம் வயதில் நீச்சல் தடாகத்தில் மூழ்கி மாண்டார்.

1967இல் 'சார்ஜன்ற் பெப்பர்' வெளிவந்து உலகை மயக்கியது. அதே ஆண்டின் இறுதியில் ஸ்ரோன்ஸ் வெளியிட்ட இசைத்தட்டு, அடுத்த வீட்டுத் திருமணத்தைப் பார்த்துப் போட்ட பந்தல். அதனை அவர்கள் விரைவிலேயே உணர்ந்தனர். 1968 தொடக்கம் 1972 வரை வெளியிட்ட நான்கு இசைத்தட்டுகளிலும் பழைய புளூஸ் இசையின் வேருக்கே திரும்பித் தம் உச்சத்தை எய்தினர். ஆகவே என் தீர்ப்பு இது: பாட்டு எழுதிய கலையிலும், ஒலிப்பதிவுக்கூடத்தையே ஓர் இசைக்கருவியாகக் கையாண்ட திறத்திலும் பீற்றில்ஸ் குழுவுக்கு நிகர் இல்லை. மேடையேறி நிற்கும் வாத்தியக் குழு என்ற வகையிலே ஸ்ரோன்ஸ் பெரிது. பீற்றில்ஸ் 1966 ஓகஸ்ரில் சான் பிரான்சிஸ்கோவில் பாடியபின் கட்டணம் பெற்ற மேடை எதிலும் ஏறவில்லை என்பதை நினைவிற் கொள்க.

எஞ்சியிருப்பது காலம் பற்றிய வழக்கு. முதல் இசைத்தட்டு வெளிவந்த 1962இலிருந்து பிரிவை உலகம் அறிந்த 1970வரை எட்டே ஆண்டுகளில் பீற்றில்ஸ் வரலாறு முடிந்தது. உச்சியில் நிறுத்தினர் என இரசிகர் புகழ்கின்றனர். அவர்கள் நிறுத்தவில்லை, பிணங்கிப் பிரிந்தனர், நீதிமன்றமும் சென்றனர். ஸ்ரோன்ஸ் குழுவைக் கிழட்டு வயதிலும் குதிப்பவர்கள் என ஏளனம் செய்வோரும் உளர். வீணை வித்துவான் ஒருவர் எண்பதாம் வயதில் கச்சேரி செய்தால் நாம் ஏளனம் செய்கின்றோமா? ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருக்கும் எனக்கு இக்கேள்வி முன்னிலும் பார்க்க அண்மையில் நிற்கின்றது. 2021இல் சார்லி வொற்ஸ் மறைந்தபோது, இனியேனும் நிறுத்துவர் என்றனர். அவர்கள் நிறுத்தவில்லை.

2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஸ்ரோன்ஸ் குழுவின் புதிய இசைத்தட்டு வெளிவந்தது. ஜாகருக்கு அப்போது வயது எண்பது. அதில் இரு பாடல்களுக்கு, மறைந்த வொற்ஸ் முன்னரே வாசித்துவைத்த தாளம் ஒலிக்கின்றது. இரு வாரங்கள் கழித்து, பீற்றில்ஸ் குழுவின் இறுதிப் பாடல் எனப்பட்ட 'நவ் அன்ட் தென்' வெளிவந்தது. 1980இல் கொலையுண்ட லெனன் வீட்டிலிருந்து பியானோவுடன் பாடி ஒலிநாடாவிற் பதிந்துவைத்த குரலைக் கணினியின் துணையால் பிரித்தெடுத்து, 2001இல் மறைந்த ஹரிசனின் கிற்றார் வாசிப்பையும் சேர்த்து, உயிருடன் உள்ள இருவரும் அதனை நிறைவுசெய்தனர்.

அந்த ஸ்ரோன்ஸ் இசைத்தட்டில் வேகமான பாடல் ஒன்று உண்டு. அதிலே பேஸ் கிற்றார், உறுமும் ஒலியுடன், இளைஞன் ஒருவன் வாசிப்பதுபோல முந்திக்கொண்டு ஓடுகின்றது. வாசித்தவர் போல் மக்காட்னி.