மனு எழுதிய கையும் ஆலோசனை சொல்லலாம்

(இ-சேவை மையம் நடத்துவோருக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கன்சல்டன்ட்' என்று சொன்னதும் நம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆள்தான் நினைவுக்கு வருவார். கோட்டு, லேப்டாப், எம்.பி.ஏ. பட்டம், சரளமான ஆங்கிலம். என்னிடம் லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் பழையது. 14 வருஷம் தாலுகா அலுவலக வாசலில் மேஜை போட்டு மனு எழுதினேன். அப்புறம் 4 வருஷம் இ-சேவை மையம். இன்றைக்கு விண்ணப்பப் படிவம் தயாரிக்கிற மென்பொருள் நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் என்னிடம் ஆலோசனை கேட்டு அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். "இதெல்லாம் நமக்கு ஒத்து வருமா?" என்று உங்களில் பல பேர் யோசிப்பீர்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில், நம்மிடம் விற்க என்ன இருக்கிறது? ஓர் உதாரணம் சொல்கிறேன். முருகன் என்று ஒருவர், அவர் அப்பா பெயர் செல்வராஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் அவர் 'செ. முருகன்'. ஆதாரில் 'முருகன் செல்வராஜ்'. ரேஷன் கார்டில் வெறும் 'முருகன்'. ஆள் ஒருவர்தான், பெயர் மூன்று. இதற்கு மேல், வேறு மாநிலத்தில் உட்கார்ந்து தயாரித்த ஒரு படிவம் 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்தில் நிற்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தானே! அவர் அங்கே அப்பா பெயரைப் போடுவார், அல்லது ஒரு புள்ளியை வைப்பார். அடுத்த மாதம் 'ஆவணங்கள் பொருந்தவில்லை' என்று விண்ணப்பம் திரும்பி வரும்.

படிவத்தை வடிவமைத்த பொறியாளர் திறமைசாலிதான். ஆனால் திரும்பி வந்த விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அழுததை அவர் பார்த்ததில்லை. நாம் தினமும் பார்க்கிறோம். எது, எந்தக் கட்டத்தில், எதனால் நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். அந்த அறிவுக்கு விலை உண்டு.

இரண்டாவது, அதை எப்படிச் சொல்வது? "நான் 14 வருஷம் மனு எழுதினவன்" என்றால் கேட்பவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். "உங்க படிவத்துல 9-வது கேள்வியில நிறைய பேர் நின்னுடுவாங்க, ஏன்னு நான் காட்டுறேன்" என்று சொல்லுங்கள். உட்காரச் சொல்வார். உங்கள் பழைய வேலையின் பெயரைவிட, அந்த வேலையால் உங்களுக்குத் தெரிய வந்த பிரச்சினையை முன்னால் வையுங்கள்.

இது நமக்கு மட்டும் இல்லை. பிரசவ வார்டில் இருந்த செவிலியர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், தாண்டினால் தாமதக் கட்டணம் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்குப் போகிற தாயிடம் எந்த நேரத்தில், எப்படிச் சொன்னால் அது மனதில் நிற்கும் என்பதும் தெரியும். ஒரு தனியார் மருத்துவமனைக்கு அதை வடிவமைத்துக் கொடுத்தால் அதுவும் ஆலோசனைதான்.

மூன்றாவது விஷயம்தான் முக்கியம். அலுவலக வாசலில் நிற்கிறவனுக்கு 'இடைத்தரகர்' என்ற பெயர் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஆலோசகருக்கும் தரகருக்கும் என்ன வித்தியாசம்? வழியைச் சொல்லிக் கொடுப்பவர் ஆலோசகர். கதவைத் திறந்துவிடுவதாகச் சொல்லிக் காசு வாங்குபவர் தரகர். நல்ல ஆலோசனை கிடைத்தவருக்கு அடுத்த முறை உங்கள் தயவு தேவைப்படாது. தரகரிடம் போனவர் ஒவ்வொரு முறையும் அவரிடமேதான் போக வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருஷம் ஒரு நிறுவனம் 3 மாத வேலை கொடுத்தது. பாதியில், "அங்க உங்களுக்கு ஆளுங்க தெரியுமே, ஃபைலை நகர்த்திக் குடுங்க, தனியா கவனிச்சுக்கறோம்" என்றார்கள். முடியாது என்றேன். வேலை போனது. அதற்கப்புறம் 5 மாதம் ஒரு ஆலோசனை வேலையும் வரவில்லை. மறுபடி மையத்தில் உட்கார்ந்து டைப் அடித்தேன். வீட்டில், "ஏன் இந்த வீம்பு?" என்று கேட்டார்கள். நம்மை மாதிரி ஆட்களுக்குப் பட்டம் இல்லை, பெரிய நிறுவனத்தின் பெயர் இல்லை. நம்பிக்கை ஒன்றுதான் முதல். அதை ஒரு தடவை விற்றுவிட்டால் மறுபடி வாங்க முடியாதுங்க.

இதோடு சேர்ந்தது மக்களுடைய தகவல். பழைய மனுக்களை மாதிரியாகக் காட்ட ஆசை வரும். பெயர், ஆதார் எண், முகவரி, தொலைபேசி எதுவும் வெளியே போகக் கூடாது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும், நம்மை நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் காட்டுவது முறையில்லை.

இனி நடைமுறை. முதல் வேலையைச் சின்னதாக எடுங்கள். என் முதல் வேலை ஒரு படிவத்தைப் படித்து 2 பக்கக் குறிப்பு கொடுத்தது. கூலி 6,000 ரூபாய். என்ன செய்து தருவீர்கள், எத்தனை நாளில், எவ்வளவு தொகை, முன்பணம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். "விண்ணப்பம் கண்டிப்பாக ஏற்கப்படும்" என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். முடிவு எடுப்பது அலுவலகம், நாம் இல்லை.

உத்யம் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் வரி பிடித்தம் செய்து மீதியைக் கொடுப்பது உண்டு. பிடித்த பணம் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்.

அரசு டெண்டர்களில் பெரும்பாலும் முன் அனுபவமும் ஆண்டு வரவும் கேட்பார்கள். ஆரம்பத்திலேயே அதற்கு மோதாமல், ஏற்கெனவே அந்த வேலையை எடுத்திருக்கிற நிறுவனத்தில் ஒரு பகுதியை வாங்கிச் செய்யுங்கள். அதுவே உங்கள் அனுபவச் சான்றாகும்.

மையத்தை உடனே மூடிவிட்டு இதில் குதிக்காதீர்கள். ஆலோசனை வரவு மழை மாதிரி, பெய்தால் பெய்யும். 6 மாதக் குடும்பச் செலவு கையில் சேரும் வரை இரண்டும் ஓடட்டும். இன்னொன்று, களத்தை விட்டு முழுசாக விலகிவிட்டால் நமக்குத் தெரிந்ததும் பழசாகிவிடும். வாரத்தில் 2 நாள் நான் இன்னும் மையத்தில்தான் உட்காருகிறேன்.

ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். நாளையிலிருந்து 30 நாள் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த விண்ணப்பம் திரும்பி வந்தது, என்ன காரணம் சொன்னார்கள், உண்மைக் காரணம் என்ன, எதை மாற்றியிருந்தால் வந்திருக்காது. இந்த 4 மட்டும், ஆட்களின் பெயர் இல்லாமல். மாதக் கடைசியில் எடுத்துப் படித்துப் பாருங்கள். உங்களுக்கு என்ன தெரியும் என்பது அப்போது உங்களுக்கே தெரியும். யாரிடம் போய் எதைச் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.