தானமாகும் துவிச்சக்கர வண்டி



தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர் நம் முதியோர். அது வாங்குபவருக்கு உரைத்த அறிவுரை. அப்படியாயின், பல்லைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது? கொடுப்பவருடையதே. பழைய துவிச்சக்கர வண்டிகளைத் திரட்டி வறிய நாடுகளுக்கு அனுப்பும் ஒரு தொண்டினைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

1970களின் பிற்பகுதியில் டேவிட் ஷ்வைடன்பாக் என்னும் அமெரிக்க இளைஞர், சமாதானப் படைத் தொண்டராகத் தென்னமெரிக்காவின் இக்குவடோர் நாட்டிற் பணியாற்றினார். அவர் குடியிருந்த வீட்டுக்காரர் ஒரு தச்சர். துவிச்சக்கர வண்டி வைத்திருந்தவர். ஏனையோர் கருவிகளைச் சுமந்து நடந்து செல்ல, இவரோ தூரத்து வேலைகளையும் ஏற்று, அவர்களிலும் வசதியாக வாழ்ந்தார். மணிக்கு 5 கிலோமீற்றர் நடப்பவர், வண்டியேறினால் 15 கிலோமீற்றர் செல்லலாமன்றோ? வழியிற் கழியும் நேரம் உழைக்கும் நேரமாயிற்று.

நாடு திரும்பிய அவ்விளைஞர், நல்ல வண்டிகள் குப்பையில் எறியப்படுவதைக் கண்டார். 1991 இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் 'பெடல்ஸ் ஃபோர் புரோகிரஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் வழியாக இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் கடல் கடந்துள்ளன.

இத்தகைய பணியிற் சேரும் தொண்டர் செய்வது யாது? பெடல்களைக் கழற்றி வண்டியோடு கட்டுவர். ஹாண்டிலைத் திருப்பித் தட்டையாக்குவர். இவ்வாறு அடுக்கினால் ஒரு பெரிய கொள்கலனில் ஏறத்தாழ 500 வண்டிகள் அடங்கும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுழல்வது. அதனை அறியாத புதிய தொண்டர், கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிவிட்டுத் திகைப்பதுண்டு!

ஆயின், கைவேலையினும் கடினமானது மனத்தின் வேலை. சட்டம் முறிந்து துருவேறிய வண்டியொன்றை ஒருவர் அன்போடு கொண்டுவந்து நிறுத்துகிறார். 'இது வேண்டாம்' என்று சொல்ல நாவெழுமா? எனினும் சொல்லத்தான் வேண்டும். அவ்வண்டி கொள்கலனில் ஒரு நல்ல வண்டியின் இடத்தைப் பறிக்கும்; கப்பற்கூலியையும் விழுங்கும்; இறுதியிற் பிறர் நாட்டுக் குப்பையாகும். வீட்டைத் துப்புரவாக்குவது வேறு; தானஞ் செய்வது வேறு.

அக்கரையில் இவ்வண்டிகள் பெரும்பாலும் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. 'தானமாகப் பெற்றதை விற்கலாமா?' எனச் சிலர் வினவுவர். அப்பணமே திருத்துநரின் கூலிக்கும் அடுத்த கப்பற் செலவுக்கும் உதவுகிறது. திருத்துவாரின்றி இலவசமாய்க் கிடைத்த வண்டி, ரியூப் வெடித்த அன்றே வெறும் இரும்பாகிவிடும்.

2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபின், 2005 இல் தோன்றிய 'வேர்ல்ட் பைசிக்கிள் றிலீவ்' என்னும் அமைப்பு, இலங்கையில் 20,000க்கு மேற்பட்ட வண்டிகளை வழங்கியது. அவை புதியவை. ஆயினும், தொழிலுக்கும் பள்ளிக்கும் செல்லும் வழி திறந்தாலன்றி வாழ்வு மீளாது என்பதை அன்று நாமும் உணர்ந்தோம்.

நேயர்களே, உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒரு பழைய வண்டி சாய்ந்து நிற்கலாம். கொடுக்குமுன் ஒருமுறை அதிலேறித் தெருமுனைவரை சென்று வாருங்கள். உங்களைச் சுமக்குமாயின், அது பிறரையும் சுமக்கும். சுமவாதாயின், திருத்திக் கொடுங்கள். திருத்த இயலாதாயின், பழைய இரும்புக்கே கொடுத்துவிடுங்கள்.