கேளாது ஒறுத்தல்

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகம் ஒரு மாணவனை ஒறுக்க முற்படும்போது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதுபற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். இது சட்டம் படித்தவர்க்குரிய செய்தி என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டா. தேர்வு முடிவை நீக்குவதும், விடுதியினின்று வெளியேற்றுவதும், ஈராண்டுக்குக் கல்லூரிப் பக்கமே வராதே என்பதும் ஓர் இளைஞனின் வாழ்வை முறித்துப்போட வல்லவை. உழவன் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழக வாயிலை மிதித்த பிள்ளைக்கு நேரும்போது, அவ்வொறுப்பு அவனொருவனோடு நிற்பதில்லை. அவனைப் படிக்கவைக்க நிலத்தை அடகு வைத்தவர்களையும் சேர்த்தே தாக்குகின்றது.

கேளாது ஒறுத்தால் என்ன விளையும் என்பதைத் தமிழனுக்குப் பிறர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்து மதுரைக் கதை வேறென்ன? பொற்கொல்லன் ஒருவன் சொல்லைப் பாண்டியன் நம்பினான். கோவலனை அழைத்து, இச்சிலம்பு உனக்கு எங்ஙனம் வந்தது என ஒரு வினா வினவியிருந்தால் போதும். வினவவில்லை. சிலம்பினுள் இருப்பவை முத்தா மாணிக்கமா என்னும் சான்றாராய்ச்சி, ஆளைக் கொன்ற பின்னரே நடந்தது. திருவள்ளுவரும் செங்கோன்மையைச் சொல்லப் புகும்போது ஆராய்தலையே முதற்கண் வைத்தார். தண்டமெல்லாம் அதற்குப் பின்னரே.

இதே நெறியை மேலைநாட்டார் 'இயற்கை நயன்மை' என்கின்றனர். (நாளிதழ்கள் 'இயற்கை நீதி' என எழுதுவது இதனையே.) அந்நெறிக்கு அவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் பழைய வழக்குகளுள் ஒன்று, ஒரு பல்கலைக்கழகத்தின்மேல் வந்த வழக்கு! கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் திரினிட்டிக் கல்லூரித் தலைவராயிருந்தவர் பெண்ட்லி என்னும் பெரும்புலவர். பட்டம் பெற வந்தவரிடம் அவர் வாங்கிய நான்கு கினிக் கட்டணம்பற்றிச் சச்சரவு எழுந்தது. துணைவேந்தர் மன்றத்தை அவர் இழித்துரைத்தார் எனச் சொல்லி, அவர் விடையைக் கேளாமலேயே 1718-இல் அவர் பட்டங்களையெல்லாம் பல்கலைக்கழகம் பறித்தது. 1723-இல் அரசமன்றம் அச்செயல் செல்லாதென்றது. பட்டங்களும் அவரிடம் மீண்டன. ஆதாமுக்கு ஒறுப்பு வழங்குமுன் கடவுளே அவனை அழைத்து வினவினாரன்றோ என்று அவ்வழக்கில் நடுவர் ஒருவர் சுட்டினார். பெண்ட்லி நல்லவரென்று நான் சொல்ல வரவில்லை. சண்டைக்காரர் என்றே வரலாறு அவரைப்பற்றிப் பேசுகின்றது. ஆயினும், அடாதவனையும் கேட்டபின்தான் ஒறுக்கவேண்டும் என்பதன்றோ நயன்மை?

நம் நாட்டுக்கு வருவோம். 1954-இல் உத்தரப் பிரதேசத்து இடைநிலைத் தேர்வில் மூன்று மாணவர் தேறினர், முடிவும் வெளிவந்தது. அவ்வாண்டுத் திசம்பரில், உங்கள் தேர்ச்சி நீக்கப்பட்டது, 1955 தேர்வும் எழுதலாகாது என்று அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. தேர்வில் முறைகேடு செய்தனர் என்பது குற்றச்சாட்டு. ஒரு சொல்லும் அவர்களிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எங்கள் ஒழுங்குமுறைகளில் எழுதப்படவில்லையே என வாதிட்டது தேர்வு வாரியம். 1962-இல் உச்ச வழக்குமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. ஓர் இளைஞனின் எதிர்காலமே கருகிப்போகும் முடிவை எடுப்பவர்கள் நடுவர்போல் நடந்தாக வேண்டும். எழுதப்பட்டிருப்பினும் இல்லையெனினும், அவன் விடையைக் கேட்டாக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அது பள்ளித் தேர்வு வாரியத்தைப் பற்றியதாயினும், அந்நெறி பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துவதே.

இனி மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒருபக்கம் மட்டும் சொல்வது வழக்கறிஞர்க்கு அழகாயிருக்கலாம், நமக்கு அழகன்று. 1972-இல் இராஞ்சி மருத்துவக் கல்லூரியில், இரவில் ஆடையின்றி மகளிர் விடுதி வளாகத்தில் திரிந்தனர் என்று சில மாணவர்மேல் மாணவியர் முறையிட்டனர். உசாவிய குழு மாணவியரின் வாய்மொழியை அவ்விளைஞர்கள் இல்லாதபோது பதிந்துகொண்டது. பிறர் படங்களோடு கலந்து காட்டிய ஒளிப்படங்களினின்று ஆட்களை அடையாளம் காட்டச் செய்தது. பின்னர்க் குற்றச்சாட்டை அவ்விளைஞர்களிடம் சொல்லி அவர்கள் விடையைக் கேட்டது. முறையிட்டவர்களைக் குறுக்கு வினவ எங்களை விடவில்லையே என்று அவர்கள் உச்ச வழக்குமன்றம் வரை சென்றனர். 1973-இல் மன்றம் கல்லூரியின் நடவடிக்கையை ஏற்றது. அம்மாணவியரை முன்னிறுத்தியிருந்தால் நாளை தெருவில் அவர்களுக்குக் காப்பு யார்? எனவே கேட்டல் என்பதற்கு எல்லாவிடத்தும் ஒரே வடிவம் இல்லை. ஆனால் எவ்வடிவிலும், உன்மேல் சொல்லப்படுவது இது, உன் விடை என்ன என்ற அளவேனும் இருந்தே தீரவேண்டும்.

2015-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அம்பேத்கர்–பெரியார் படிப்பு வட்டத்துக்கு நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெயரிடாத முறையீடு ஒன்று தில்லிக்குப் போனது. தில்லி அதைச் சென்னைக்கு விடுத்தது. மே திங்களில் அவ்வட்டத்தின் ஏற்பு நீக்கப்பட்டது. மாணவர் அமைப்புகளுக்குரிய நெறிகளை மீறினர் என்றது நிறுவனம். எங்கள் விளக்கத்தைக் கேட்கவேயில்லை என்றனர் மாணவர். நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப்பின் சூன் திங்களில் ஏற்பு மீண்டது. எதிர்ப்பு எழாத ஊரில், எழுப்ப ஆளில்லாத மாணவனுக்கு என்ன நேரும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

அத்தகைய மாணவனுக்காகத்தான் 2023 ஏப்பிரலில் பல்கலைக்கழக நல்கைக்குழு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருத்தல் வேண்டும். உறுப்பினருள் அல்லது தலைமையில் ஒருவரேனும் பெண்ணாகவும், ஒருவரேனும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்பட்டோருள் ஒருவராகவும் இருத்தல் வேண்டும். முறையீடு கிடைத்து 15 பணிநாளுக்குள் குழு அறிக்கை தரவேண்டும். நிறைவில்லையெனில் மாணவன் 15 நாளுக்குள் குறைகேள் நடுவரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாளுக்குள் முடிவு காண முயலவேண்டும். மாணவரைத் துன்புறுத்தல், கல்வி உதவித்தொகையை மறுத்தல், சான்றிதழ்களைப் பிடித்துவைத்தல், தேர்வை நயமின்றித் திருத்துதல் ஆகிய எல்லாம் இதனுள் அடங்கும்.

தாளில் நன்றாகத்தான் இருக்கின்றது! ஆயின் குழுவில் அமர்பவர் யார்? அதே நிறுவனத்துப் பேராசிரியர்கள். மாணவர் சார்பாளர் ஒருவர் உண்டு. அவரும் சிறப்பு அழைப்பாளரே. கூட்டம் நடத்தக் குறைந்தது மூவர் வேண்டும் என்னும் கணக்கில் அவர் சேரார். மாணவர் குறையை மாணவர் இல்லாமலேயே தீர்க்கலாம் என்றன்றோ இது பொருள்படுகின்றது?

இப்பொழுது நம் தலையாய செய்திக்கு வருகின்றேன். கேட்கப்படும் உரிமை இருக்கின்றது, எம்மொழியில் கேட்கின்றார்கள்? தமிழ்வழிப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு படித்து வந்த பிள்ளையின் கையில், குற்றம் இன்னதென்று ஆங்கிலத்தில் எழுதிய ஓர் அறிவிக்கையைத் திணித்து, ஏழு நாளில் எழுத்து வடிவில் விளக்கம் தா என்றால், அது கேட்டல் ஆகுமா? கோவலனை வடபுலத்து மொழியில் வினவியதுபோல் ஆகாதா? 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இம்மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ். இந்திய அரசமைப்பின் 350-ஆம் பிரிவோ, எவரும் தம் குறையை ஒன்றியத்தின் அல்லது மாநிலத்தின் எந்த அலுவலரிடமும், ஆங்கு வழங்கும் எம்மொழியிலும் முறையிடலாம் என்கின்றது. அப்பிரிவு எழுதும் உரிமையைச் சொல்கின்றதேயன்றி, அதே மொழியில் விடை பெறும் உரிமையை வெளிப்படச் சொல்லவில்லை. 2021-இல், ஆங்கிலத்தில் எழுதிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்க்கு ஒன்றிய அரசு இந்தியில் விடை விடுத்தபோது, எழுதிய மொழியிலேயே விடை தருக என மதுரைக் கிளை உயர்வழக்குமன்றம் கூறியது. ஆங்கிலத்துக்குக் கிடைத்த அம்மதிப்பைத் தமிழுக்கும் பெறவேண்டியவர்கள் நாம். மாணவன் தமிழில் எழுதினால் தமிழில் உசாவி, தமிழில் முடிவு வழங்குவதற்குத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் எதற்கும் எவர் இசைவையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஆகலின் தம்பியரே, தங்கையரே, அறிவிக்கை வந்தால் அஞ்சி அன்றே மன்னிப்பு மடல் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அதுவே பின்னர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகிவிடும். குற்றச்சாட்டு என்ன, அதற்குச் சான்று என்ன என்று எழுத்தில் கேளுங்கள். தமிழில் கேளுங்கள், படி ஒன்று எடுத்துவைத்து, பெற்றுக்கொண்டதற்கு நாளும் முத்திரையும் வாங்குங்கள். மதிப்பெண்ணில் ஐயமிருந்தால், திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பார்வையிடலாம் என்று 2011-இல் உச்ச வழக்குமன்றமே சொல்லியிருக்கின்றது. உங்கள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் நடுவர் யாரென்று நாளையே தேடிப்பாருங்கள். பெயர் எங்கும் காணவில்லையெனில், அதனையே உங்கள் முதல் முறையீடாக எழுதுங்கள்.