கிறுக்கு வரகும் கோடாங்கியும்

(செட்டியார்பட்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது கடவுள் உண்டா இல்லையா என்கின்ற பெரிய சங்கதியல்ல. உங்கள் வீட்டு அடுக்குப் பானையில் இருக்கின்ற வரகையும் கம்பையும் பற்றித்தான் பேசப் போகிறேன். இதற்கு ஒரு பொதுக்கூட்டமா என்று சிலர் சிரிக்கலாம். நான் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவன். மற்றதெல்லாம் கைக்குக் கிடைத்த புத்தகங்களைப் படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் இந்தச் சங்கதியை நான் முதலில் தெரிந்துகொண்டது புத்தகத்தில் அல்ல, என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில்.

நான் சிறு பையனாயிருந்த காலம். ஒரு வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. களத்தில் குவித்த வரகு நனைந்து, குவியலுக்குள்ளேயே புழுங்கி விட்டது. தோழர்களே! நனைந்த தானியம் யாருக்குப் போகும்? நல்லது பத்தாயத்துக்குப் போகும். நனைந்தது கூலிக்குப் போகும். என் பெரியம்மாவுக்குக் கூலியாக வந்தது அந்த வரகுதான். குத்திக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். ஒரு மணி நேரம் ஆகவில்லை. தலை சுற்றி, வாந்தியெடுத்து, கைகால் நடுங்கி, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கண் செருகிக் கிடந்தார்கள். உச்சி வேளையில் புளியமரத்தடியில் வந்ததால் முனி அடித்துவிட்டது என்று ஊரார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கோடாங்கி வந்தார். உடுக்கை அடித்தார், திருநீறு போட்டார், ஒரு சேவலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் பெரியம்மா எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள். கோடாங்கி கைராசி ஊரெல்லாம் பேச்சாய்விட்டது.

வரகு மூட்டை மட்டும் வீட்டு மூலையிலேயே இருந்தது. பத்து நாள் கழித்து மறுபடியும் அந்தக் கஞ்சி, மறுபடியும் மயக்கம், மறுபடியும் உடுக்கை, இன்னொரு சேவல். மூட்டை தீர்ந்த பிறகு முனி வரவேயில்லை. ஆனால் “பேய் பிடித்தவள்” என்கின்ற பெயர் மட்டும் பெரியம்மாவை விட்டுப் போகவில்லை. அவர்கள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தவன்.

இப்பொழுது உண்மையைச் சொல்லுகிறேன். ஈரமான வரகில் ஒருவகைப் பூஞ்சைக்காளான் பிடிக்கும். அது சைக்ளோபியாசோனிக் அமிலம் என்கின்ற விஷத்தை உண்டாக்கும். வரகு மயக்கத்துக்கு இந்த விஷமே காரணம் என்று 1980-களில் நம் நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் வாந்தியும் மயக்கமும் நடுக்கமும் வரும்; பெரும்பாலும் ஒரு நாளில், கூடினால் ஒன்றரை நாளில் தானாகவே தெளியும். நன்றாகக் கவனியுங்கள். தானாகவே தெளியும்! சாயங்காலம் திருநீறு போட்டாலும் காலையில் தெளியும், போடாவிட்டாலும் காலையில் தெளியும். கோடாங்கிக்குச் சேவல் வாங்கிக் கொடுத்தது இந்தக் கணக்குத்தான். மயங்கினவரை விட்டுவிட்டு மூட்டையை மட்டும் வெயிலில் கொட்டிப் பார்த்திருந்தால் அன்றே முனி ஓடியிருக்கும்.

நம் பெரியவர்களுக்கு இது அடியோடு தெரியாது என்றும் சொல்லமுடியாது. “கிறுக்கு வரகு” என்று பெயரே வைத்திருந்தார்களே! கிறுக்கு வரகில் இருக்கிறது என்று கண்டவன் ஒருவன் இருந்திருக்கிறான். அவன் பேச்சு எடுபடவில்லை. உடுக்கைச் சத்தம் எடுபட்டது.

முனிதான் அடித்தது என்று இன்னமும் சொல்லுகின்றவர்களை ஒன்று கேட்கிறேன். முனி யானையையுமா அடிக்கும்? மேற்கே தெரிகின்ற இந்த மலையை ஒட்டியே வடக்கே போனால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே வண்ணாத்திப்பாறைக் காட்டுப் பக்கத்தில் 1933-ஆம் வருஷம் டிசம்பரில் 14 யானைகள் செத்துக் கிடந்தன. தின்றது வரகு. 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் அதே மாதிரி செத்தன. அறுத்துச் சோதித்துப் பார்த்ததில் கிடைத்தது இதே சைக்ளோபியாசோனிக் அமிலம். மனிதன் ஒரு கிண்ணம் கஞ்சி குடிக்கிறான், பிழைக்கிறான். யானை வயலையே தின்கிறது, சாகிறது. விஷத்துக்கு அளவுதான் தெரியும். ஆனைமுகம் என்றும் ஆள்முகம் என்றும் தெரியாது.

நிற்க. எல்லாப் பூஞ்சையும் ஒரு நாளில் விட்டுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். 1974-ஆம் வருஷக் கடைசியில் ராஜஸ்தான் பான்ஸ்வாரா பக்கத்திலும் குஜராத் பஞ்சமஹால் பக்கத்திலும் கிராமம் கிராமமாய் ஜனங்களுக்கு மஞ்சள் காமாலையும் வயிறு வீக்கமும் கண்டது. அவர்கள் மக்காச்சோளம் தின்று வாழ்கின்ற ஏழைகள். நோய் கண்டவர் 397 பேர், செத்தவர் 106 பேர். வீட்டுச் சோற்றைத் தின்ற நாய்களும் செத்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் போய் ஆராய்ந்தார்கள். மழையில் நனைந்து பூசணம் பூத்த சோளத்தில் அஃப்ளடாக்சின் என்கின்ற விஷம் கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை இருந்தது. தானியத்தில் இன்று சட்டம் அனுமதிப்பது கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதாவது நானூறு பங்கு, ஆயிரம் பங்கு என்று தின்றிருக்கிறார்கள்! வேறு தானியமில்லாதவன் வேறென்ன செய்வான்?

இந்த விஷம் வேகவைத்தாலும் போகாது. கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் தின்றால் ஈரலில் புற்றுநோய் வரும். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் பாலில் இறங்கும். அந்தப் பால் உங்கள் பிள்ளைக்குப் போகும்.

வெள்ளைக்காரன் மட்டும் முதலிலேயே புத்திசாலியாயிருந்தான் என்று எண்ணவேண்டாம். ஐரோப்பாவில் ரை என்கின்ற தானியத்தில் கறுப்புக் காளான் பிடித்து, அதைத் தின்றவர்களுக்குக் கைகால் எரிந்து கருகி விழுந்தது. அதற்கு அந்தோனியார் நெருப்பு என்று பெயர் வைத்து நூற்றுக்கணக்கான வருஷம் கும்பிட்டார்கள். தொதார் என்கின்ற பிரெஞ்சுக்காரர் 1676-இல் ரொட்டி மாவைக் காட்டி எழுதினார். அதன் பிறகும் சீக்கிரத்தில் திருந்திவிடவில்லை. அந்தக் காளானின் இனம் நம் கம்பிலும் உண்டு. கதிரில் தேன் மாதிரி ஒழுகி, பிறகு கறுத்துக் கட்டியாகும், தேனொழுகல் என்கிறோம். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதைக்கம்பைக் கொட்டினால் அந்தக் கட்டியெல்லாம் மிதக்கும். அரித்து எறிந்துவிட்டு, கம்பை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். இதற்கு மந்திரம் வேண்டாம்.

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். “சிறுதானியம் நல்லது என்று சர்க்காரே சொல்லுகிறதே, நீங்கள் வரகை விடச் சொல்லுகிறீர்களா?” என்று கேட்கிறார். இல்லை, தோழரே. என் வீட்டில் இன்றும் வரகுச் சோறு உண்டு. கதிரை நனையவிடாதீர்கள், நனைந்தால் குவிக்காதீர்கள், பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைகிற வரையில் காயப்போட்டு, தரையில் படாமல் மூட்டையை அடுக்குங்கள். பூசணம் கண்டதைக் கூலிக்கும் அளக்காதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள். யாராவது சாப்பிட்டுவிட்டு மயங்கினால், அந்தத் தானியத்தில் ஒரு பிடியைத் துணியில் முடிந்துகொண்டு ஆளோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அவிழ்த்துக் காட்டுங்கள்.