ஜப்பானியச் சித்திரப் படங்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற பெற்றோர் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





ஜப்பானியச் சித்திரப் படங்களில் ஆணுக்கும் ஆணுக்கும், பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையே காட்டப்படும் காதல் உறவுகள் இளம் பிள்ளைகளிடம் என்ன விளைவை ஏற்படுத்துகின்றன என்பது எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். மேடையில் பேசச் சற்றுக் கூச்சம் தரும் பொருள்தான். ஆயினும் பெற்றோர் சிலர் நிர்வாகத்திடம் கேட்ட கேள்வி ஒளிவுமறைவு இல்லாதது. “இதைப் பார்த்தால் பிள்ளை இப்படியே ஆகிவிடுமா?” என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேராகவே விடை சொல்ல முயல்கிறேன். மார்க்கச் சட்டம் குறித்த விளக்கம் ஆலிம்களின் துறை. அதில் நான் தலையிடவில்லை. பிள்ளை பார்க்கும் படம் எத்தகையது, பெற்றோர் செய்யத்தக்கது எது என்பதே என் பேச்சின் எல்லை.

ஜப்பான் எங்கே, மரக்காணம் எங்கே என்று நினைக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டு ஹங்காமா தொலைக்காட்சியில் ‘சின்சான்’ வந்த நாளிலிருந்தே ஜப்பானியப் பிள்ளைகள் நம் நாட்டு வீடுகளுக்குள் நடமாடி வருகிறார்கள். இன்று அவர்கள் கைப்பேசிக்குள் வந்துவிட்டார்கள். 2023ஆம் ஆண்டு முதல் கிரஞ்சிரோல் என்னும் இணையத்தளம் ஜப்பானியத் தொடர்களைத் தமிழ்க் குரலிலேயே தரத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ திரைப்படம் தமிழ் பேசியபடியே திரையரங்குகளுக்கு வந்தது. பிள்ளைகள் இவற்றைக் ‘கார்ட்டூன்’ என்று சொல்வதில்லை, ‘அனிமே’ என்கிறார்கள். நாம் கார்ட்டூன் என்று சொன்னால் சிரிக்கவும் செய்கிறார்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தனி நிலைமையும் உண்டு. உப்பளத்தில் வேலை மும்முரமாக இருப்பது கோடை வெயிலில். பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதும் அதே கோடையில்தான். வெயில் ஏறுவதற்கு முன் உப்பு வார வேண்டும் என்பதற்காக அத்தாவும் அம்மாவும் இருட்டோடு பாத்திக்குப் போய்விடுகிற வீடுகளில், பிள்ளைக்குத் துணையாக விட்டுச் செல்லப்படுவது கைப்பேசியே. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வயிற்றுப் பிழைப்பு அப்படி. ஆனால் ஆண்டிலேயே அதிக நேரம் பிள்ளை தனியாகப் படம் பார்ப்பது அந்த மாதங்களில்தான் என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

இனி, அந்தப் படங்களில் இருப்பது என்ன? ‘சைலர் மூன்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். நவோகோ டக்கேயுச்சி என்ற பெண் எழுத்தாளர் வரைந்த படக்கதை அது. 1992ஆம் ஆண்டு ஜப்பானியத் தொலைக்காட்சியில் சித்திரத் தொடராக வெளிவந்தது. பள்ளிச் சிறுமியருக்காக எடுக்கப்பட்ட தொடர். அதன் மூன்றாம் பகுதியில் ஹருக்கா, மிச்சிரு என்று இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருவரையொருவர் நேசிப்பவர்கள், ஒருவருக்காக ஒருவர் உயிரையும் கொடுக்கத் துணிந்தவர்கள். அதில் ஆபாசம் எதுவும் இல்லை. ஆயினும் 2000ஆம் ஆண்டு இந்தப் பகுதி அமெரிக்காவுக்குப் போனபோது, ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர்கள் அந்த இரு பெண்களையும் பெரியப்பா, சித்தப்பா மக்கள் போல உறவுமுறைச் சகோதரிகள் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன் 1995இல் முதற்பகுதியை மாற்றியபோது, இன்னோர் ஆணை நேசித்த சொய்சைட் என்னும் ஆண் பாத்திரத்தைப் பெண்ணாகவே ஆக்கியிருந்தார்கள்.

பேச்சை மாற்றினார்கள்; படத்தை முழுவதுமாக மாற்ற அவர்களால் முடியவில்லை. ஹருக்கா பார்க்கும் பார்வையும் மிச்சிரு நாணிச் சிரிக்கும் சிரிப்பும் அப்படியே இருந்தன. பார்த்த பிள்ளைகளுக்கு, உறவுக்காரப் பெண்கள் ஏன் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்ற குழப்பமே மிஞ்சியது. (நம் பக்கத்தில் மாமன் மகள் என்று சொன்னால் உறவு நெருங்குமே தவிர விலகாது. இங்கே அந்தத் திருத்தம் எதற்கும் உதவியிருக்காது.) பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது மட்டும் பிள்ளைகளுக்குத் தெளிவாகப் புரிந்தது. 2014இல் மற்றொரு நிறுவனம் புதிதாக ஆங்கிலக் குரல் கொடுத்து, வெட்டாமல் மூலத்தில் உள்ளபடியே வெளியிட்டது.

இவ்வகைக் கதைகள் நேற்று முளைத்தவை அல்ல. 1970களிலேயே மோட்டோ ஹகியோ, கெய்க்கோ டக்கேமியா முதலிய பெண் படக்கதையாளர்கள், இரு இளைஞர்களுக்கு இடையிலான காதலைப் பொருளாகக் கொண்டு வரைந்தார்கள். அவற்றைத் தேடிப் படித்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. படிப்பவர் பெண், கதையில் நேசிப்பவர்கள் இரண்டு ஆண்கள். அவள் அதைப் பார்த்து நகல் எடுக்க என்ன இருக்கிறது? கதையைப் பார்ப்பவர் கதையாகவே ஆகிவிடுவார் என்ற கணக்கு இந்த இடத்திலேயே இடறுகிறது. 2016இல் வந்த ‘யூரி ஆன் ஐஸ்’ என்ற பனிச்சறுக்குத் தொடரையும் உலகெங்கும் பெண் பிள்ளைகள்தான் பெருவாரியாகக் கொண்டாடினார்கள். தோல்வியால் துவண்டுபோன ஒரு வீரனும் அவனைத் தூக்கி நிறுத்தும் பயிற்சியாளரும் அதன் நாயகர்கள்.

ஜப்பானையே பார்ப்போமே. அரை நூற்றாண்டாக இத்தகைய கதைகளைப் படித்தும் பார்த்தும் வந்த நாடு அது. அந்த நாட்டின் திருமணச் சட்டம் அதனால் மாறிவிட்டதா? 2024 மார்ச் மாதம் சப்போரோ உயர் நீதிமன்றம், ஒரே பாலினத்தவரின் திருமணத்தை ஏற்காதிருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தபோதும், அங்கே சட்டம் பழைய நிலையிலேயே இருந்தது. படம் பார்த்தால் சமுதாயமே தலைகீழாகிவிடும் என்று அஞ்சுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

படங்களுக்கு விளைவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சின்சான் பார்த்த பிள்ளைகள் அவனைப் போலவே குரலை இழுத்துப் பேசினார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசினார்கள். பெற்றோர் முறையிட்டதன் பேரில் 2008இல் மத்திய அரசு அத்தொடரைத் தடை செய்தது. மறு ஆண்டு வெட்டித் திருத்தி மீண்டும் ஒளிபரப்பினார்கள். பேச்சு, நடை, உடை, முடிவெட்டு ஆகியவற்றைப் பிள்ளை படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒருவர் மனம் யார்பால் ஈர்க்கப்படுகிறது என்பது முடிவெட்டைப் போன்றது அன்று. படம் பார்த்து அது மாறிவிடும் என்பதற்கு மருத்துவ உலகில் சான்று கிடையாது. தன்பால் ஈர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990ஆம் ஆண்டில்.

அப்படியானால் படம் செய்வது என்ன? ஏற்கெனவே உள்ளத்தில் அப்படியோர் உணர்வோடு, யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, ‘என்னைப் போல் வேறொருவரும் உண்டு’ என்பதை அது சொல்லிவிடுகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு கதை, அவ்வளவுதான். அந்த ஒரு பிள்ளை நம் தெருவிலும் இருக்கலாம் என்பதால்தான் நாம் நாவை அடக்கிப் பேச வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சியில் அப்படி ஒருவர் வந்ததும் நாம் உதிர்க்கும் ஏளனச் சொல்லை, பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாகச் சோறு உண்ணும் பிள்ளை தன்னைப் பற்றிய தீர்ப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பிறரை ஏளனம் செய்வதும் துருவித் துருவி வேவு பார்ப்பதும் சூரத்துல் ஹுஜுராத்தில் அடுத்தடுத்து விலக்கப்பட்டிருப்பதை இந்தச் சபைக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

நம் மாநிலத்தில் நடந்த ஒன்றைக் கூற வேண்டும். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழ விரும்பி வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காவல்துறையிடம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் முன்பு வந்தது. அவர் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை. இப்பொருள் தமக்கு முழுமையாக விளங்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்தார். பெற்றோரையும் அப்பெண்களையும் கலந்தாலோசனைக்கு அனுப்பினார். அதன் பின்னரே 2021 ஜூன் 7 அன்று, இத்தகையோரை ‘மாற்றுகிறோம்’ என்று சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அதே வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களை இழிவின்றிக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. நாம் வழக்கமாகச் சொல்லும் ‘ஓரினச் சேர்க்கை’ என்ற சொல் ஒரு மனிதரின் வாழ்வு முழுவதையும் ஒரே செயலாகச் சுருக்கிவிடுகிறது என்பதை அந்தப் பட்டியலைப் படித்தால் உணரலாம்.

நம் சமுதாயத்துக்கு இது அயல் செய்தி என்றும் எண்ண வேண்டாம். 2022 மே மாதம் கேரள உயர் நீதிமன்றத்தில், பெற்றோரால் பிரிக்கப்பட்ட தன் தோழியை மீட்டுத் தருமாறு ஒரு பெண் மனுச் செய்தார். இருவரும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். சவூதியில் பள்ளியில் படிக்கும்போது பழகியவர்கள். இருவரும் வயது வந்தவர்கள் என்பதால் சேர்ந்து வாழ நீதிமன்றம் அனுமதித்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் தம் விருப்பத்தோடு கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

இனிப் பெற்றோர் செய்யத்தக்கதற்கு வருகிறேன். ஆண்-பெண் காதலாக இருந்தாலும் பிள்ளை வயதுக்குத் தகாத காட்சி தகாததே. எனவே யார் யாரை நேசிக்கிறார் என்று பார்ப்பதற்கு முன், படம் எந்த வயதினருக்கு உரியது என்று பாருங்கள். வயது வந்தோருக்கென்றே எடுக்கப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களும் இருக்கின்றன. சித்திரம் என்பதாலேயே குழந்தைக்கு உரியது என்று நம்பி ஏமாறக் கூடாது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி இணையவழிப் படத்தளங்கள் ‘யு’, ‘யு/ஏ 7+’, ‘யு/ஏ 13+’, ‘யு/ஏ 16+’, ‘ஏ’ என்று வகைப்படுத்திக் காட்ட வேண்டும்; 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் வசதி தர வேண்டும். அந்தத் தளத்தின் அமைப்புப் பகுதியில் அதைப் போட ஐந்து நிமிடம் போதும். திருட்டுத்தனமாகப் பரப்பப்படும் பிரதிகளுக்கும் துண்டுக் காட்சிகளுக்கும் இந்த முத்திரை எதுவும் கிடையாது. உண்மையில் கவலைப்பட வேண்டியது அவற்றைப் பற்றித்தான்.

பூட்டு போட்டால் போதும் என்று விட்டுவிடவும் முடியாது. உப்பளம் ஓய்ந்திருக்கும் மழைக் காலத்தில் இரண்டு நாளாவது பிள்ளையோடு உட்கார்ந்து அது பார்க்கும் தொடரைப் பாருங்கள். தமிழிலேயே வருகிறது, புரியாது என்ற சாக்கும் இல்லை. “இந்த இரண்டு பேரும் யார்?” என்று பிள்ளை கேட்டால், ஒருவரையொருவர் நேசிப்பவர்கள் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். நம் மார்க்கத்தின் நிலைப்பாட்டையும் சொல்லுங்கள். ஆனால் ஒருவரை இழிவாகப் பேசவோ அடிக்கவோ நமக்கு உரிமை இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். கேள்வி கேட்டதற்காக அறை வாங்கிய பிள்ளை அடுத்த கேள்வியை அயலானிடம் கொண்டுபோகும். அந்த அயலான் எப்படிப்பட்டவனோ.

பிள்ளையே ஒரு நாள் தன்னைப் பற்றிச் சொன்னால்? கைப்பேசியைப் பிடுங்குவதாலோ வீட்டில் அடைப்பதாலோ அது தீராது. மாற்றிக் காட்டுகிறேன் என்று பணம் பறிக்கும் மருத்துவரிடம் போகாதீர்கள். அது மருத்துவ நெறிக்குப் புறம்பான செயல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. ‘ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தால் சரியாகிவிடும்’ என்ற யோசனையைத்தான் நான் எல்லாவற்றையும் விட அஞ்சுகிறேன். மறுபக்கம் ஒரு வீட்டார், எதுவும் தெரியாமல், தம் மகளையோ மகனையோ நம்மை நம்பிக் கொடுக்கிறார்கள். நிக்காஹ் தஃப்தரில் கையெழுத்திடும் இந்த ஜமாஅத்துக்கு அந்த வீட்டாரிடமும் அமானிதப் பொறுப்பு உண்டு.

தனியே சுமக்க முடியாத பெற்றோரும் பிள்ளைகளும் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சிறுவருக்கு ஆபத்து என்றால் 1098. பெரியவர் எவரேனும் இத்தகைய காணொளிகளைக் காட்டிப் பிள்ளையை நெருங்கினால், அவர் ஆணோ பெண்ணோ, அது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ்க் குற்றம். ஜமாஅத்தில் பஞ்சாயத்துப் பேசி முடிக்கும் விவகாரம் அன்று.

கேள்விகளைப் பெயர் எழுதாமல் துண்டுத் தாளில் எழுதித் தரலாம். தாய்மார்களுக்கென்று அவர்கள் பகுதியில் தனிப் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தேநீருக்குப் பின் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.