பித்தளை டோக்கனும் என் கம்ப்யூட்டரும்

(காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் சங்கப் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். வரவு செலவுக் கணக்கைத் தனியாக உங்களுக்கு அனுப்பிவிட்டோம், அதை இங்கே வாசிக்கப் போவதில்லை. "பராமரிப்புக் கட்டணத்தை இனி கீழ்க்கண்ட புதிய கணக்கில் செலுத்தவும்" என்று நம் சங்கத்து மின்னஞ்சலிலிருந்து உங்களில் பலருக்கு ஒரு கடிதம் வந்ததே, அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் நிற்கிறேன். "யாரோ ஹேக் பண்ணிட்டாங்களாமே சார்" என்று லிஃப்டில் சிலர் ஆறுதலாகக் கேட்கிறீர்கள். கதவைத் திறந்துவிட்டது நான்தான். என் வீட்டுக் கம்ப்யூட்டரில், என் கையால்.

நடந்தது இதுதான். தணிக்கைக்காக வங்கி ஸ்டேட்மென்டை பிடிஎஃப்பிலிருந்து எக்ஸெல்லுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இலவசமாக மாற்றித் தரும் தளம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். மேலே முதலில் வந்ததைத் தொட்டேன். அது விளம்பரம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். உள்ளே போனால், "நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதி செய்யவும்" என்று ஒரு கட்டம். இது எல்லா இடத்திலும் வருவதுதானே, தட்டினேன். அடுத்து மூன்று படி காட்டியது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு கண்ட்ரோலையும் வி எழுத்தையும் அழுத்து, பிறகு என்டர். சொன்னபடி செய்தேன். முப்பத்தைந்து வருடம் வங்கியில் சர்க்குலர் சொன்னபடி செய்தே பழகியவன் ஆயிற்றே. கறுப்பாக ஒரு சின்னத் திரை மின்னி மறைந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. சரி, தளம் வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று ஸ்டேட்மென்டைக் கையாலேயே தட்டி முடித்துவிட்டேன்.

அந்த மூன்று படிக்கு என்ன அர்த்தம் என்று இப்போது தெரியும். "ரோபோ அல்ல" என்ற கட்டத்தை நான் தட்டியபோதே, அந்தப் பக்கம் என் கம்ப்யூட்டரின் நகல் பலகையில் ஒரு கட்டளையை எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டது. விண்டோஸும் ஆரும் சேர்ந்தால் கட்டளை கொடுக்கும் பெட்டி திறக்கும். கண்ட்ரோல்-வி அந்தக் கட்டளையை அதில் ஒட்டும். என்டர் அதை ஓட்டும். அது எங்கேயோ இருக்கும் ஒரு நிரலை இறக்கி இயக்கிவிடும். 2024-லிருந்து பரவலாகிவிட்ட தந்திரம் இது. ஆன்டிவைரஸ் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, சந்தாவும் கட்டியிருந்தேன். கம்ப்யூட்டரின் சொந்தக்காரரே கட்டளையைத் தட்டி ஓட்டும்போது காவலாளி பல சமயம் வழிவிட்டுவிடுகிறான்.

வேறு வழிகளும் உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை "கிராக்" செய்து இலவசமாகத் தருகிறேன் என்பார்கள். பேரப்பிள்ளைகள் விளையாட்டில் ஏமாற்றி ஜெயிப்பதற்கு இறக்கும் "சீட்" நிரல்கள் இருக்கின்றன. இவற்றைப் பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பாகத் தந்து, பாஸ்வேர்டைப் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருப்பார்கள். பூட்டி, சாவியையும் கூடவே தருவானேன்? ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி செய்வதற்குத்தான். சில கோப்புகளில் வெறும் காலி எழுத்துகளை நிரப்பி, பல நூறு எம்பிக்கு உப்ப வைத்திருப்பார்கள். மிகப் பெரிய கோப்பைச் சில ஆன்டிவைரஸ்கள் சோதிக்காமல் விட்டுவிடும்.

உளவு நிரல் என்றால் எனக்குப் பழைய நினைப்பு ஒன்று இருந்தது. நெட் பேங்கிங் வந்த புதிதில், திரையில் ஒரு விசைப்பலகையைக் காட்டி, மவுஸால் தட்டுங்கள் என்று வங்கிகள் சொல்லும், நினைவிருக்கிறதா? நாம் தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்யும் நிரல்களுக்குப் பயந்து வைத்தது. 2007-ல் வெளிப்பட்ட ஜீயஸ் என்ற நிரல் இந்த வகையில் பேர் போனது. மாதக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்து, நாம் வங்கித் தளத்துக்குப் போகும் நேரம் பார்த்து வேலை செய்யும். வங்கிப் பக்கத்தில் இல்லாத கட்டத்தைக்கூடச் சேர்த்துப் பின் நம்பர் கேட்கும். ஆகவே உளவு நிரல் இருந்தால் கம்ப்யூட்டர் மெதுவாகும், ஏதாவது விளம்பரம் குதிக்கும், நமக்குத் தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

இப்போது வருபவை அப்படி இல்லை. ரெட்லைன், லும்மா என்று பெயர் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிட வேலை. உள்ளே வந்ததும் பிரௌசரிடம் நேராகப் போகும். நாம் "சேமிக்கவா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று சொல்லிச் சொல்லிக் குவித்த பாஸ்வேர்டுகள் அத்தனையும் அங்கே ஒரே கோப்பில் இருக்கின்றன. பூட்டித்தான் வைத்திருக்கிறது. ஆனால் விண்டோஸில் நம் பெயரில் ஓடும் எந்த நிரல் கேட்டாலும் அந்தப் பூட்டு திறக்கும், ஏனென்றால் கேட்பது நாம்தான் என்று அது நினைக்கிறது. 2024-ல் குரோம் பிரௌசரில் கூடுதல் பூட்டு ஒன்று போட்டார்கள். சில மாதங்களுக்குள் அதையும் சுற்றிப்போக வழி கண்டுவிட்டார்கள். பாஸ்வேர்டு, தானாக நிரப்பும் முகவரி, கார்டு எண், திரையின் ஒரு படம், டெஸ்க்டாப்பில் உள்ள கோப்புகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டுப் பல சமயம் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடும். மறுநாள் முழு ஸ்கேன் போட்டால் "அச்சுறுத்தல் எதுவும் இல்லை" என்றுதான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. டெஸ்க்டாப்பில் "பாஸ்வேர்டு" என்றே பெயர் வைத்த எக்ஸெல் கோப்பு என்னிடம் இருந்தது. சிரிக்கிறீர்கள், உங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இந்த நிரல்களில் பல, உள்ளே வந்ததும் கம்ப்யூட்டரின் மொழி ரஷ்யனா என்று பார்க்குமாம். ஆம் என்றால் தொடாமல் திரும்பிவிடும். சொந்த ஊர்ப் போலீஸ் மேல் அவர்களுக்கு உள்ள மரியாதை அது. தமிழுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த மூட்டையில் எல்லாவற்றையும்விட விலை மதிப்பானது குக்கி. பழைய வங்கி நாட்கள் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். செக்கைக் கவுன்டரில் கொடுத்தால் கிளார்க் ஒரு பித்தளை டோக்கன் தருவார். செக் லெட்ஜருக்குப் போய், கையெழுத்துச் சரிபார்த்து, அதிகாரி பாஸ் செய்து, கேஷியரிடம் வரும். கேஷியர் நம்பரைக் கூப்பிட்டால் டோக்கனை நீட்டுகிறவருக்குப் பணம். கையெழுத்து பார்க்கும் வேலையெல்லாம் முன்பே முடிந்துவிட்டது. குக்கி அந்த டோக்கன்தான். பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து ஒருமுறை மெயிலுக்குள் நுழைந்துவிட்டால், இவர் சோதிக்கப்பட்டவர் என்று தளம் பிரௌசரிடம் ஒரு டோக்கன் கொடுக்கிறது. அதனால்தான் தினமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. திருடன் அந்த டோக்கனைத் தன் பிரௌசரில் வைத்துக்கொண்டால் அவன்தான் நான். ஓடிபியும் வராது. எங்கள் கேஷியர்களாவது டோக்கனை வாங்கிக்கொண்டு "எவ்வளவு தொகை?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். முழிப்பவன் மாட்டிக்கொள்வான்.

2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனலுக்கு இதுதான் நடந்தது. கம்ப்யூட்டரைப் பற்றியே பேசுகிற சேனல், ஒன்றரைக் கோடி சந்தாதாரர்கள். விளம்பர ஒப்பந்தம் போல வந்த பிடிஎஃப் என்று நம்பி ஊழியர் ஒருவர் ஒரு கோப்பைத் திறந்தார். டோக்கன் போனது, சேனலின் பெயரையே மாற்றி கிரிப்டோ மோசடி ஒளிபரப்பினார்கள். இதைச் சொல்வது என் தவறைச் சிறியதாக்க அல்ல. கொஞ்சம் அதற்கும்தான்.

நெட் பேங்கிங் டோக்கன் சில நிமிடம் சும்மா இருந்தாலே காலாவதியாகிவிடும். மெயில் டோக்கன் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செல்லும். எனவே அவன் என் வங்கிக் கணக்கைத் தொடவில்லை. சங்கத்து மெயிலுக்குள் போய், நம் பழைய சுற்றறிக்கையை எடுத்து, கணக்கு எண்ணை மட்டும் மாற்றி உங்களுக்கு அனுப்பினான். பதில் எழுதினால் நான் பார்க்கக் கூடாது என்று, வரும் பதில்கள் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஒரு விதியும் போட்டு வைத்தான். மூன்று பேர் சந்தேகப்பட்டுப் பதில் போட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

கண்டுபிடித்தது சி பிளாக் மாமி. இரவு ஒன்பது மணிக்கு போன். "சார், நீங்க எப்பவும் தொகையை எண்ணாலயும் எழுத்தாலயும் போடுவீங்களே, இதுல எழுத்தால போடலையே, உடம்பு சரியில்லையா?" என்றார். உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் இரண்டாவது கடிதம் போயிருந்தது. பாஸ்வேர்டை மாற்றினாலே பழைய டோக்கன்களை ரத்து செய்யும் சேவைகள் உண்டு, நாம் வைத்திருந்தது அப்படிச் செய்யவில்லை. "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்று தனியாக ஒரு பொத்தான் இருந்தது. டோக்கன் தொலைந்தால் உடனே அந்த நம்பருக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று கேஷியரிடம் சொல்வோம். அதைக்கூட எனக்குச் செய்யத் தோன்றவில்லை.

அதற்குள் இரண்டு வீட்டார் பணம் கட்டிவிட்டார்கள், ஆளுக்கு 10,500 ரூபாய். ஒருவர் அன்றே 1930-க்குப் பேசினார். தொகை போய்ச் சேர்ந்த கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டு, திரும்பி வந்துவிட்டது. இன்னொருவர் வெளியூரில் இருந்தார், ஐந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பணம் போய்விட்டது. அதற்கு என் சொந்தக் கணக்கிலிருந்து செக் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்க மாட்டேன் என்கிறார். சங்கம் ஈடு செய்யட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து. நான் போன பிறகு நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்.

லும்மா போன்ற நிரலை எழுதியவன் ஒருவன், மாதம் 250 டாலரிலிருந்து வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவன் இன்னொருவன், மூட்டையை வாங்கிப் பயன்படுத்துகிறவன் மூன்றாமவன். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் லும்மாவைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. நீதிமன்ற உத்தரவோடு அதன் தளங்களை முடக்கினார்கள். சில வாரங்களில் மறுபடி தலைதூக்கியது. நம் விட்டில் நுழைந்தது லும்மாவா வேறொன்றா என்பது முக்கியமில்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், புதியதும் போய்விடலாம். வேறு சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள். மெயில்தான் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மெயில் வழியாக மாற்றிவிடலாம். பிறகு எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். பிறகு ஃபார்வர்டிங், ஃபில்டர், மீட்பு போன் நம்பர் மூன்றையும் பாருங்கள். பணம் போயிருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 1930. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது கடைசி வேலை. எனக்கு அது ஒரு நாள் பிடித்தது, பழைய போட்டோக்களை முன்பே தனி டிஸ்க்கில் வைத்திருந்ததால் பிழைத்தேன்.

சங்கக் கணக்கு எண் இனி மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ மாறாது. மாறுவதானால் அறிவிப்புப் பலகையில், செயலாளரும் நானும் கையெழுத்திட்ட தாளில் மட்டும். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சங்க அறையில் இருப்பேன். லேப்டாப்பைக் கொண்டு வந்தால், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எங்கே இருக்கின்றன, எப்படி நீக்குவது என்று காட்டுகிறேன். பாஸ்வேர்டை என்னிடம் சொல்ல வேண்டாம். சார்ஜரை மறக்காதீர்கள், அந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் வேலை செய்கிறது.